சாலியுவின் முன்பல்

ரெட்பா ஏரி சில நாள் இளஞ்சிவப்பு,
சில நாள் கழுவி வைத்த தகரம்.
டக்காரிலிருந்து பார்க்க வருகிறவர்கள்
சிவப்பு நாள் எது என்று கேட்டு வருகிறார்கள்.
எனக்கு எல்லா நாளும் இருபத்தைந்து கிலோ.
படகிலிருந்து கரைக்கு, தலையில் பேசின்,
வாயில் பல்குச்சி.

குச்சியில் ஒரு வசதி:
யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை.
கடன் கொடுத்தவனுக்கும் விட்டுப்போன கணவனுக்கும்
ஒரே 'ம்' போதும்.

சாலியுவின் படகு எனக்கு வாய்த்த படகு.
கினியாவிலிருந்து வந்தவன்.
காலை முழுக்க மார்பளவு நீரில் நின்று
ஏரியின் அடியைக் கழியால் குத்தி உடைப்பான்.
உடம்பெல்லாம் ஷியா வெண்ணெய். பூசாவிட்டால்
உப்பு ஆளைக் கருவாடாக்கிவிடும்.
சிரிக்கும்போது மட்டும் வாயைக் கையால் மூடுவான்.
வெட்கம் என்று நினைத்தேன்.

ஒரு செவ்வாய், படகின் மூலையில்
அவன் துப்பிய குச்சி.
நார் நுனி சிவந்திருந்தது.
ஏரியின் சிவப்பல்ல.

கேட்டதற்கு, 'அழுத்தித் தேய்த்துவிட்டேன்' என்றான்.
மூன்று மாதமாக அழுத்துகிறானாம்.
ரத்தம் வரும் இடத்தை இன்னும் அழுத்தி,
திருடனை அடித்து உண்மை வாங்குவதுபோல.
கரித்தூள் போட்டானாம். மணலும்.

'மண்டு' என்றேன்,
அதற்காகவே குச்சியை வாயிலிருந்து எடுத்து.

பேருந்து நிறுத்தத்து நீலச் சட்டைப் பையனிடம்
மூன்று வேப்பங்குச்சி வாங்கினேன், சுண்டுவிரல் கனம்.
(நேற்றையதைத் தண்ணீர் தெளித்து விற்பான்.
வளைத்துப் பார்க்க வேண்டும்.)
நுனியை மெல்லு. பூவாக விரியும்வரை மெல்லு.
ஈறிலிருந்து பல்லுக்கு இழு, எதிர்த்திசை வேண்டாம்.
பிள்ளைக்குத் தலை துவட்டுகிற கை போதும்.
இரவில் கொதித்து ஆறிய நீர், அரைக் கரண்டி உப்பு,
கொப்பளி, துப்பு, பெருமைப்படாமல் தூங்கு.

அவன் என்னைப் பார்த்தான். ஏரியைப் பார்த்தான்.
'பகலெல்லாம் உப்புக்குள் நான்.
ராத்திரி எனக்குள் உப்பா?'
மூட மறந்து சிரித்தான்.
அப்போதுதான் கண்டேன் அந்த முன்பல்லை:
கொண்டி கழன்ற கதவு.

பதினைந்து நாள்
அவன் குச்சிகளை எண்ணினேன்,
பேசின்களை எண்ணுவதுபோல, கூலி மட்டும் இல்லாமல்.
சிவப்பு.
சிவப்பு.
வெளிறிய சிவப்பு.
ஒரு காலை, வெறும் மரத்தின் நிறம்.
அதற்கு ஏன் அவ்வளவு மகிழ்ச்சி என்று
வீட்டுக் கண்ணாடியை நான் கேட்கவில்லை.

பல் தங்கவில்லை.
ரூஃபிஸ்க் மருத்துவமனையில் பல் டாக்டரம்மா
விரலால் தொட்டுச் சொன்னாராம்:
'ஈறு தேறிவிட்டது. ஆனால் இதன் அடியில் எலும்பில்லை.
குச்சியும் உப்பும் எலும்பு வளர்க்காது.
ஒரு வருஷம் முந்தி வந்திருக்கலாம்.'

ஒரு வருஷம் முந்தி
அவனிடம் பேருந்துக் காசும் இல்லை, நானும் இல்லை.

பிடுங்கிய பல்லைக் காகிதத்தில் மடித்து
என்னிடம் நீட்டினான்.
நான் என்ன செய்வதாம் அதை?
எங்கள் குவியலில், எண் எழுதிய பலகைக்கு அடியில்
வெள்ளைக்குள் வெள்ளையாகச் செருகினேன்.
மறுநாள் லாரி வந்து அள்ளிக்கொண்டு போயிற்று.
எந்த ஊரில், யாருடைய மீனுக்குள் கிடக்கிறதோ,
கடவுள் மன்னிக்கட்டும்.

இப்போது அந்த இடைவெளியில் காற்று புகுகிறது.
சொந்தப் பெயரே அவனுக்கு வருவதில்லை.
'தாலியு' என்கிறான்.
கரையில் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள்:
தாலியு படகு வருது, தாலியு கூப்பிடுது, கினே ஓடு!
கை வாய்க்குப் போவதில்லை.
ஓட்டைப் பல்லும் வெயிலும் சேர்ந்து சிரிக்கின்றன.

நேற்று, கடைசி பேசினை என் தலையில் ஏற்றிவிட்டு,
குச்சியை மென்றபடி
ஏதோ கேட்டான். பாதி காற்றில் போயிற்று.
மீதி புரிந்தது.

'ம்' சொல்லியிருக்கலாம்.
ஒரு கையால் பேசினைப் பிடித்துக்கொண்டு
மறு கையால்
என் குச்சியை எடுத்தேன்.