சதுரம்

பொகவந்தலாவைக் கடைத்தெருவில்
ஜவ்பரின் டயர்க்கடைக்கு முன்னால்
கானுக்கு மேல் ஓர் இரும்பு மூடி.
கம்பிகள் பாதையின் நீளத்துக்கே படுத்திருந்தன,
சைக்கிள் டயர் இறங்கவென்றே
அளந்து வைத்த மாதிரி.

தை மாதப் பனி. விடிய ஐந்தே கால்.
முன்சில்லு அதற்குள் போனது.
நான் போனேன்.
பெட்டி போனது.
நாற்பது றாத்தல் பாணும் இறக்கத்தில் சிதற
பின்னால் வந்த கொழுந்து லொறி
அன்றைக்கு
பாணின் மேல் மட்டும் ஏறியது.

சபைக்கு எழுதினேன்.
நிதி ஒதுக்கீடு கிடைத்ததும் ஆவன செய்யப்படும்,
இரண்டு மொழியில் பதில்.
உடைந்த பல்லுக்கு
நானே ஒதுக்கினேன்.

ஒரு நாள் ஜவ்பர்
கிரீஸ் கையோடு குனிந்து
மூடியைச் சாணால் அளந்தான்.
இந்தப் பக்கம் மூன்று.
அந்தப் பக்கமும் மூன்று.
நிமிர்ந்து என்னைப் பார்த்தான்:
"பிலோமினா, இது சதுரம்."

அலவாங்கால் நெம்பினோம்.
சலூன் நிலோஷனும் ஒரு கை.
தூக்கி, கால்வாசி சுற்றி, வைத்தோம்.
டொக்.
செலவு மூன்று பிளேன்டீ,
நிலோஷனின் கட்டைவிரல் நகம்.

அன்று பின்னேரமே மழை.
மூன்று பேரும் நின்று பார்த்தோம்.
குறுக்கே கிடந்த கம்பிகளைக் கணக்கெடுக்காமல்
தண்ணீர் எப்போதும்போல் இறங்கிப் போனது.

அதற்குப் பிறகு கை சும்மா இருக்கவில்லை.
கோயிலுக்கு அடித்து மிஞ்சிய சுண்ணாம்பு
வளைவுக் கற்களுக்கு வந்தது.
சலூனின் விளிம்புடைந்த கண்ணாடி
முடக்குச் சவுக்கு மரத்தில் ஏறி
கீழிருந்து வரும் பஸ்ஸின் நெற்றியை
முந்திக்கொண்டு காட்டுகிறது.
லயத்துக்கு ஏறும் அறுபத்தெட்டுப் படிகளின் ஓரம்
யாரோ வீட்டுச் சீமெந்தில்
ஒரு சாண் அகலச் சரிவு.
சைக்கிளைத் தோளில் சுமந்த பொடியன்கள்
இப்போது உருட்டிக்கொண்டு ஏறுகிறார்கள்.
மூச்சு வாங்குவது மட்டும் அப்படியே.

சித்திரைக்கு முந்திய கிழமை
சபையிலிருந்து வேரகொட மாத்தயா வந்தார்,
ஃபைலோடு.
சப்பாத்து நுனியால் மூடியைத் தட்டினார்.
"யார் திருப்பினது?"
கடைக்குள் காற்றடிக்கும் சத்தம் மட்டும்.
"இப்படி ஊரில் எத்தனை இருக்கு?"
பத்தொன்பது.
என் வாய் முந்திவிட்டது.
அந்தப் பல் இல்லாத இடத்தால்தான்
சொல் நழுவியிருக்க வேண்டும்.

எழுதிக்கொண்டார்.
ஃபைலை மூடினார். திரும்பத் திறந்தார்.
அலவாங்கு யாருடையது
என்றும் கேட்டார்.