குளிர்பெட்டி வாடகை

துபாய் என்றால் ஒரு நாள் வாடகை.
சிங்கப்பூர், கோலாலம்பூர், அதுவும் ஒன்றுதான்,
திருச்சிக்கே நேராக வந்துவிடலாம்,
இறங்கிய இரண்டு மணி நேரத்தில் வாசலில் செருப்பு.
லண்டனுக்கு இரண்டு.
அமெரிக்கா என்றால் நான் முதலில் கேட்பது
எந்தக் கரை?

பள்ளத்தூரில் கதிரேசன் செட்டியார் வீட்டில்
ஞாயிறு இரவு ஒன்பதுக்குப் பிளக்கைச் சொருகினேன்.
ஒரே மகள். சியாட்டில். மேற்குக் கரை.
மூன்று நாள் என்று எழுதிக்கொண்டேன்.
"நேர்கோட்டுல பதிமூணாயிரம் கிலோமீட்டர்தானாம்"
என்றார் பங்காளி ஒருவர், போனைப் பார்த்து.
தானாம்.
நேர்கோட்டில் யார் வருகிறார்கள்?
தோஹா வரை பதினாலரை மணி நேரம்,
அங்கே கண்ணாடிக் கூடத்தில் ஐந்தோ ஆறோ,
சென்னைக்கு நாலரை,
மறுபடி காத்துக் கிடந்து திருச்சிக்கு ஒன்று,
திருமயம் தாண்டும்போது ஒரு போன்.
நான் விமானம் ஏறியதில்லை.

திங்கள் இரவு கரண்ட் போனது.
ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கச் சேவுகனை அனுப்பிவிட்டு
பெட்டியின் மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தேன்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.
இருபத்தைந்து நிமிடம்.
இந்நேரம் எந்தக் கடலுக்கு மேலே இருப்பாள் என்று
இருட்டில் யாரோ கேட்டார்கள்.
ஒருவரும் பதில் சொல்லவில்லை.

புதன் காலை பத்து மணிக்கு
கார் பின் தெருவில் போய் நின்றது.
மேப் அப்படித்தான் காட்டியதாம்.
ஒரே வீடு, இரண்டு தெரு.
பின்கட்டுக் கதவுத் தாழ் துருப்பிடித்து அசையவில்லை.
உள்ளிருந்து நாலு பேர் இழுக்கிறோம்,
வெளியிலிருந்து அவள் குரல்:
"பரவாயில்லை, சுத்தி வர்றேன்."
சூட்கேஸ் உருளும் சத்தம்
மதிலுக்கு அந்தப் பக்கம் கூடவே வந்தது,
இரண்டாம் கட்டு, வளவு, பட்டாலை, முகப்பு,
வீட்டின் நீளம் முழுக்க.
நாங்கள் உள்ளே அதோடு நடந்தோம்.

சிகப்பி அழவில்லை.
கண்ணாடியில் பனித்திருந்ததைத் துடைத்தாள்.
மறுபடி பனித்தது.
என்னிடம்தான் கேட்டாள்,
"எத்தனை மணி நேரமா ஓடுது?"
"அறுபத்தொண்ணு."
விரல்களை மடக்கினாள்.
"நான் வீட்ட விட்டுக் கிளம்பி முப்பத்திநாலு."
மேலே ஒன்றும் சொல்லவில்லை.

மிச்சம் இருபத்தேழு.
டிக்கெட் கிடைக்காமல் இருந்திருக்கலாம்.
லீவு, விசா, ஏதாவது இருந்திருக்கலாம்.
அந்த இருபத்தேழு மணி நேரம்
எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் நடுவில் என்று
நான் கேட்கவில்லை, வாடகைக்காரன்.

பிளக்கைப் பிடுங்கினேன்.
கம்ப்ரசர் அடங்கிய பிறகுதான் தெரிந்தது
இத்தனை பேர் முணுமுணுத்துக்கொண்டிருந்தது.
பில்லில் மூன்று நாள் போட்டேன்,
டீசல் விட்டுப்போயிற்று.

சாயங்காலம் கோட்டையூரிலிருந்து போன்.
பெட்டி வேண்டும், உடனே.
"பையன் எங்க இருக்காரு?"
"இந்தா, மதுரைலதான்" என்றது ஒரு பெண் குரல்.
கொஞ்சம் பொறுத்து,
"வருவானான்னுதான் தெரியல."
நாள் என்ற கட்டத்தை விட்டுவிட்டு
மற்றதை எழுதிக்கொண்டேன்.