மூலையில் இருக்கட்டும்

என் கண் தராசின் மேல் இருக்கும்.
ஈரக் கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றிவிட்டு
மௌஸை ஒரே தள்ளு, இடப்பக்கக் கீழ்மூலைக்கு.
மூலையைத் தாண்டி அம்பு எங்கே போய்விடும்?
முட்டிக்கொண்டு நிற்கும்.
திரையைப் பார்க்கவே வேண்டாம்.
ஓலாஃப்ஸ்விக் மீன் ஏலக்கூடத்தில்
பதினோரு வருடம் இப்படித்தான்
காட் பெட்டிக்கும் ஹாடாக் பெட்டிக்கும்
சீட்டு அடித்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபரில் புதுக் கணினி வந்தது.
தொடக்கப் பொத்தான் நடுவுக்கு வந்திருந்தது.
நடு என்றால் எது நடு?
ஒரு ஜன்னலைத் திறந்தால் பொத்தான் கொஞ்சம் நகர்கிறது,
இன்னொன்றைத் திறந்தால் இன்னும் கொஞ்சம்.
படகு கட்டும் கம்பத்தைப்
படகு வர வரப் பிடுங்கி நட்டால்
யார் கயிறு வீசுவார்கள்?

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன்.
வலது சொடுக்கில் வரும் பட்டியல்தான் தாங்கவில்லை.
முனை மழுங்கிய ஒரு குட்டிப் பட்டியல்,
வெட்டுவதும் ஒட்டுவதும் வெறும் படங்களாக.
எனக்கு வேண்டிய வரியோ
'மேலும் விருப்பங்களைக் காட்டு' என்பதன் முதுகுக்குப் பின்னால்.
நாளைக்கு நூற்று நாற்பது சீட்டு.
நூற்று நாற்பது தடவை
காட்டு, காட்டு என்று கெஞ்சுவதா?

ஒரு மதியம், கம்பு ரொட்டியைக் கடித்தபடி
பதிவேட்டுக்குள் இறங்கினேன்.
நெளிவு அடைப்புக்குள் நீளமான ஓர் எண்.
எழுத்தெழுத்தாகத் தட்டினேன், இரண்டு தரம் சரிபார்த்தேன்.
மதிப்பு என்ற கட்டத்தில்
ஒன்றுமே எழுதாமல் 'சரி' கொடுக்க வேண்டும்.
கொடுத்தேன்.
ஒன்றுமில்லாததைச் சேர்த்த பிறகு
எல்லா வரியும் திரும்பி வந்தது,
கூர் முனைகளோடு, நெருக்கியடித்துக்கொண்டு.

மறுநாள் காலை அது இல்லை.

இரவில் ஏதோ தானாக மேம்பட்டிருக்கும் என்று
கணினியைத் திட்டினேன், மறுபடி சேர்த்தேன்.
மறுநாளும் இல்லை.
நான்காம் நாள்தான் உறைத்தது:
நாற்காலியும் தினமும் உயர்ந்திருக்கிறது.

ராடெக். இரவு முறைக்காரன்.
அவன் போய் ஒரு மணி கழித்து நான் வருவேன்.
கொக்கியில் தொங்கும் அவன் மஞ்சள் கோட்டும்
மேசை இடுக்கில் சூரியகாந்தி விதைத் தோலும்
எனக்குப் பழக்கம். முகம் பழக்கமில்லை.
ஆறு வாரம் நான் போட்டேன், அவன் எடுத்தான்.
ஒரு சீட்டுக்கூட எழுதி ஒட்டவில்லை இருவரும்.
வீம்பு என்பது இவ்வளவு ஓசையில்லாமல் நடக்கும்
என்று எனக்குத் தெரியாது.

பிப்ரவரியில் பனிப்புயல், மலைப்பாதை மூடல்.
அவனால் போக முடியவில்லை,
பக்கத்துத் தெருவிலிருந்து நான் நடந்தே வந்துவிட்டேன்.
படகு ஒன்றும் இல்லை, காபி மட்டும் இருந்தது.
'அந்தப் பழையதை ஏன் எடுக்கிறாய்?' என்றேன்.
அவன் கோப்பையைக் கீழே வைத்தான்.
'அதில் எல்லாம் உங்கள் மொழியில் எழுதியிருக்கிறது.
எனக்கு இன்னும் அவ்வளவு படிக்க வராது.
புதியதில் கத்தரிக்கோல் இருக்கிறதே.'

எனக்குக் காபி புரையேறியது.

அன்று விடிவதற்குள் இரண்டு சின்னக் கோப்புகள் செய்தோம்.
ஒன்று, அந்த ஒன்றுமில்லாததைச் சேர்க்கும்,
மற்றது நீக்கும்.
ஒன்றின் பெயர் ஸ்டெய்ன்வோர், மற்றது ராடெக்.
பொத்தானை மட்டும் மூலையிலேயே விட்டான்.
மூலைக்கு மொழி இல்லையாம்.

இப்போது காலை ஆறு மணிக்கு
நாற்காலியை இறக்குகிறேன், என் பெயரை இருமுறை சொடுக்குகிறேன்.
அடிப்பட்டை ஒரு நொடி செத்து எழுகிறது.

நேற்று அவசரம், சொடுக்க மறந்துவிட்டேன்.
பதினேழு பெட்டிக்குச் சீட்டு அடித்த பிறகே கவனித்தேன்.
ராடெக்கிடம் இதைச் சொல்லப்போவதில்லை.