படத்துக்குப் பதில்

வல்திவியாவில் ஜூலை முழுக்க மழை.
பற்றவைப்புப் பட்டறையில் மூன்று வருடம் செய்ததையெல்லாம்
படம்பிடித்து ஒரு தளத்தில் அடுக்கியிருந்தேன்.
கறுப்புப் பின்னணி, சாம்பல் எழுத்து,
சுட்டியைக் கொண்டுபோனால் மட்டும் எட்டிப்பார்க்கும் தலைப்புகள்.
வகுப்பே கைதட்டியது.

கப்பல்துறையில் ஆளெடுப்பவர் ரயேன் கரிமான்.
கண் தெரியாதவர்.
எனக்கு யாரும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
அவர் கணினி என் பக்கத்தை உரக்க வாசித்தது:
படம். படம். இணைப்பு.
ஐஎம்ஜி நான்கு பூஜ்யம் இரண்டு ஏழு.
படம்.

"வெல்டிங் தெரியும் என்கிறீர்கள்.
இதில் எங்கே இருக்கிறது?" என்றார்.
"வெள்ளிக்கிழமைவரை நேரம் உண்டு."

ஒசியேல்தான் தேடித் தந்தான் அந்த வார்ப்புருவை.
வார்ப்பு என்றதும் எனக்கு உலைதான் நினைவுக்கு வரும்;
இது ஆறி இறுகிய வார்ப்பல்ல.
துர்க்கு நகரத்து ஐலா என்பவள் செய்து
அடியில் எழுதிவைத்திருந்தாள்:
எடுத்துக்கொள். மாற்று.
செய்தவள் பெயரைச் சொல்.
நீ மாற்றியதையும் இப்படியே திறந்து வை.

எழுத்து தானாகக் கருத்தது. தலைப்புகள் வரிசைக்கு வந்தன.
ஆனால் ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு காலிப் பெட்டி,
நிரப்பாமல் மேலே போக விடவில்லை.

"பற்றவைத்த குழாய்" என்று எழுதினேன்.
ஊரிலுள்ள எல்லாக் குழாயும் அதுதான்.
அழித்தேன்.
"ஆறங்குலக் குழாய். கீழிருந்து மேலே ஏற்றிய தையல்.
சில்லறைக் காசுகளைச் சரித்து அடுக்கியதுபோல் அலைகள்.
கடிகாரத்தில் மூன்று நிற்கும் இடத்தில்
ஒரு சின்னக் குழி."

குழியா?
படத்தைப் பெரிதாக்கினேன். இருந்தது.
இரண்டு வருடமாக நான் காட்டிக்கொண்டு திரிந்த படம்.
அந்த வரியை எடுத்தேன், திரும்பப் போட்டேன்,
காவலாளி விளக்கணைக்க வரும்வரை எடுத்தேன், போட்டேன்.

வெள்ளிக்கிழமை குரல் அந்த இடத்துக்கு வந்ததும்
அவர் விசையிலிருந்து விரலை எடுத்தார்.
"தேய்த்துத் திரும்ப ஓட்டினீர்களா?"
"இல்லை. இப்போதுதான் பார்த்தேன்."
"நானும்," என்றார்.

வேலையைப் பற்றி இன்னும் கடிதம் வரவில்லை.
அதற்குள் வார்ப்புருவில் ஒன்று கூட்டியிருக்கிறேன்:
ஒலிக்கு ஒரு பெட்டி.
நல்ல தையல் ஓடும்போது
எண்ணெயில் மீன் பொரிகிற சத்தம் வரும்,
படத்தில் அது விழாது.
திறந்தே வைத்திருக்கிறேன். அடியில்
ஐலா, ஹசிந்தா ஒயார்சோ,