இரண்டு நொடி இருட்டு

ஔலுவில் ஜனவரி. வெளியே மைனஸ் இருபத்தொன்பது.
காற்றின் ஈரத்தையெல்லாம் ஹீட்டர் குடித்துவிட்ட வீடு.
பூனையைத் தடவினால் விரல்நுனியில் சுரீர்.
கதவுப் பிடியைத் தொட்டால் சுரீர்.
இருட்டில் ஸ்வெட்டரைக் கழற்றினால்
கழுத்தருகே கடுகு வெடிக்கும்.

அந்த வாரம்தான்
என் மானிட்டர் கண்ணை மூடத் தொடங்கியது.
இரண்டு நொடி. எண்ணிப் பார்த்தேன், இரண்டே நொடி.
பிறகு ஒன்றுமே நடவாததுபோல்
விட்ட சொல்லின் நடுவில் வந்து நிற்கும்.
லிஃப்ட் கம்பெனிக் கையேடுகளை மொழிபெயர்ப்பது என் பிழைப்பு.
'கதவு மூடும்போது கையை' வரைக்கும் வெளிச்சம்.
'நீட்டாதீர்' வருவதற்குள் போய்விட்டது.

நானும் சும்மா இருக்கவில்லை.
டிரைவரை அழித்து மறுபடி ஏற்றினேன்.
கேபிளைப் பிடுங்கி, ஊதி, செருகினேன்.
பெட்டியைத் திறந்தால்
விசிறிக்குள் இன்னொரு பூனைக்கு ஆகும் அளவு முடி.
குற்றவாளி அகப்பட்டான் என்று குதித்தேன்.
இல்லை.
கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி மாட்டியதில்
ஒரு திருகு மிஞ்சியது.
எங்கிருந்து என்று இன்றுவரை தெரியவில்லை,
உப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

கடைக்காரப் பையன் ஓத்ஸோ
கேட்டு முடிப்பதற்குள் சொன்னான்: புதுசு வாங்கிடுங்க.

இயந்திரத்துக்குள் ஒரு பதிவேடு உண்டு.
யாரும் கேட்காமலே அது எழுதிவைக்கும்:
திரை விடுபட்டது. திரை இணைந்தது.
சோதனைக்காக அதை ஒரு வாரம் தூங்கவிடாமல் வைத்திருந்தேன்.
பகலில் நாலைந்து முறை.
இரவில், காதில் பஞ்சடைத்து நான் உறங்கும் நேரத்தில்,
01:52
02:40
02:44
03:31
04:15.
விசைப்பலகையில் பூனைகூட இல்லாத நேரம்.
மின்சாரம் இரவில் ஏறி இறங்கும் என்று
நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, காப்பி எடுக்க
ரெய்யோ தன் மேசையிலிருந்து எழுந்தான்.
நாற்காலி புஸ்ஸென்று உயர்ந்தது.
என் திரை போய்விட்டது.

உட்கார், என்றேன். எழுந்திரு. மறுபடி உட்கார்.
பதினோரு முறை எழுந்தான், எட்டு முறை இருட்டு.
கடைசியில் மேடைக் கலைஞன்போலக் குனிந்து வணங்கினான்.
நாற்காலித் தண்டில் சேரும் நிலைமின்சாரம்,
அவன் எழும் கணத்தில் தெறிக்கும் சிறு பொறி,
அதைக் காற்றிலேயே பிடித்துக்கொள்ளும் என் மலிவுக் கேபிள்.
கவசம் தடித்ததாக ஒன்று வாங்கினால் போதும்.
பதினாலு யூரோ.
இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

சிரிப்பு அடங்குமுன்
எனக்கு அந்த மணிகள் ஞாபகம் வந்தன.
02:40. 02:44.
எழுந்து, உட்கார்ந்து,
நாலே நிமிடத்தில் மறுபடி எழுந்து.

ராத்திரி தூக்கமெல்லாம் எப்படி, என்று
பாத்திரம் துடைத்தபடி கேட்டேன்.
அடித்துப் போட்ட மாதிரி, என்றான்.

வியாழனன்று புதுக் கேபிள் வந்தது.
மாட்டினேன்.
வெள்ளி, சனி, ஞாயிறு,
திரை ஒருமுறைகூடக் கண் சிமிட்டவில்லை.
பதிவேட்டைத் திறந்தேன்: வெற்றுப் பக்கம்.
பழுது பார்த்தவள் மகிழவேண்டிய பக்கம்.
அதையே பார்த்துக்கொண்டு
கை வேலைக்கு ஓடவில்லை.

திங்களிரவு, தடித்த கேபிளைச் சுருட்டி இழுப்பறையில் போட்டேன்.
பழையதை எடுத்துச் செருகினேன்.
காதுப் பஞ்சை எடுத்துவிட்டுப் படுத்தேன்.

மூன்றரைக்குப் பக்கத்துத் தலையணை குளிர்ந்திருந்தது.
அந்த அறையில் விளக்கில்லை,
என் மானிட்டர் மட்டும்,
பாதி மொழிபெயர்த்த லிஃப்ட் ஒன்றின் வெளிச்சத்தில்.
சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான்.
கதவைத் தள்ளினேன்.
திடுக்கிட்டு எழுந்தான்.

இரண்டு நொடி
எங்கள் இருவருக்குமே முகம் இல்லை.