நூற்று நாற்பத்து மூன்றாவது சாமான்

சீர்ப் பட்டியலில்
பால்செம்பு, கண்ணாடித் தட்டு, ரப்பர் மெத்தைக்கு அப்புறம்
நூற்று நாற்பத்து மூன்றாவதாக இருந்தது அது:
கம்ப்யூட்டர் ஒன்று, கம்பெனியே பூட்டியது, கியாரண்டி உண்டு.

போன வருஷம் தேவகோட்டையிலிருந்து மினி வேனில்
எல்லாம் திரும்பி வந்தபோது
சோலையப்பண்ணன் வாசலில் பேனாவோடு நின்றார்.
இட்லிக் கொப்பரை, டிக்.
குத்துவிளக்கு ஜோடி, டிக்.
இது இறங்கும்போது மட்டும் கேட்டார்:
'ஓடுமா ஆத்தா?'

ஓடியது, மூச்சிரைக்க.
பதினோரு கடைக் கணக்கு, பத்து வருஷ பில் ஸ்கேன்,
இதற்குள் போட்டு வைத்தால் வீட்டிலேயே இருக்கும் என்று
நாலு டெராவில் இரண்டு டிஸ்க் வாங்கி மாட்டினேன்.
ஒரு ஃபைலைத் தேடச் சொல்லிவிட்டு
டீ போட்டுக் குடித்து
டம்ளரையும் கழுவி வைத்துவிட்டு வரலாம்.

ரிட்சி தெருவிலிருந்து கூரியரில் வந்தது புதுச் செயலி.
புதிது என்றால் அதுவும் பழசுதான்,
யாரோ கழற்றியது, ஆயிரத்து அறுநூறு.

அதற்கு முன்னால் பயாஸை மாற்ற வேண்டும்.
அந்த ஆறு நிமிஷத்தில் கரண்ட் போனால் போர்டு வெறும் செங்கல்.
கோட்டையூர் லைன்மேனுக்குப் போன் போட்டேன்,
இன்னைக்குக் கட் எதுவும் இருக்காண்ணே?
'எதுக்கு, மாவரைக்கவா?' என்றார்.
ஆமாம் என்றேன்.

மூடியைத் திறந்தால் அவர்கள் வீட்டுத் தூசி.
விசிறியில் சுற்றிய ஒரு முடி,
என்னுடையதா என்று
நீளத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.
பிரஷ்ஷால் தள்ளினேன்.
பசை சுண்ணாம்பாய்க் காய்ந்து உதிர்ந்தது.
நெம்புகோலைத் தூக்கியதும் பழையது
சும்மா உட்கார்ந்திருந்தது,
ஒட்டவில்லை, திருகவில்லை,
இத்தனை வருஷமும் ஒரு கம்பியின் அழுத்தத்தில்தான்.

புதியதை மூலையிலுள்ள தங்க முக்கோணம் பார்த்து
அழுத்தாமல் தானாக உட்கார விட வேண்டும்.
பிறகு கம்பியை இறக்கும்போது
நெறநெறவென்று ஒரு சத்தம் வரும்.
வரத்தான் செய்யும், பயப்படக் கூடாது.
பயந்தேன்.

முதல் தடவை கறுப்புத் திரை, மூன்று பீப்.
ராமைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, மறுபடி மாட்டினேன்.
அப்புறம் வெள்ளை எழுத்தில் இரண்டே வரி:
செயலி மாறியிருக்கிறது.
தொடர எஃப் ஒன்றை அழுத்தவும்.

அவ்வளவுதான்.
என்ன குறை என்று கேட்கவில்லை,
கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாமே என்கவில்லை,
யாரை வைத்துப் பேசினீர்கள் என்றும் இல்லை.
அழுத்தினேன்.

இப்போது பதினோரு கடையும்
கேட்ட மாத்திரத்தில் வந்து நிற்கின்றன.
ராத்திரி பட்டியலை எடுத்து
சோலையப்பண்ணன் டிக்குக்குப் பக்கத்தில்
பென்சிலால் எழுதினேன்:
மூளை என் செலவு.

பழைய சில்லு ஸ்பூன் டப்பாவில் கிடக்கிறது.
அதற்கு நம்பர் கிடையாது.