வெயில் யார் கண்ணில்

வட்டார வளமையத்திலிருந்து சுற்றறிக்கை வந்தபோது
எட்டாம் வகுப்பில் ஒளிச்சேர்க்கை நடத்திக்கொண்டிருந்தேன்,
ஜன்னலைச் சாத்திவிட்டு.
மூன்று நாள், மணக்குடியில்.
வகுப்பறைக்கு வெளியே கற்பித்தல்.
ஈத்தாமொழியிலிருந்து இரண்டு பஸ்.
பயணப்படி உண்டா என்று எல்லோரும் கேட்டோம்.
உண்டு என்றார்கள். இன்னும் வரவில்லை.

காயலோரம் நாற்பது ஆசிரியர்கள்,
முப்பத்தெட்டுக் குடைகள்.
கதம்பல் அழுகும் வாடைக்கு
மூக்கில் கைக்குட்டை.
"இதுக்கு எதுக்கு டிரெயினிங்?
பிள்ளைகள வெளிய எறக்கி விட்டா போராதா?"
என்றார் திருவிதாங்கோடு நசீமா டீச்சர்.

இறக்கி விட்டுப் பார்த்தவள் நான்.
ஒரே ஒரு முறை, பள்ளிக்குப் பின்னால் தென்னந்தோப்பில்.
ஐந்து நிமிடத்தில் ஒருத்தன் கிணற்றுச் சுவர்மேல்.
இரண்டு பேர் எங்கே என்றே தெரியவில்லை.
புத்தகத்தில் இருந்ததையே
மரங்களுக்கு நடுவில் நின்று கத்தினேன்.
அந்த வாரம்தான் ஜன்னலைச் சாத்தத் தொடங்கியது.

பயிற்சி தர வந்த ஜெஃப்ரின்
இயற்கை அன்னை என்று ஆரம்பிக்கவில்லை.
எங்கே நிற்பது என்று ஆரம்பித்தான்.
"காத்துக்கு முதுகு குடுங்க, குரல் தானே போவும்.
வெயில் உங்க கண்ணுல விழட்டும்,
பிள்ளைக கண்ணுல வேண்டாம்."

இருபத்திரண்டு வருடம்.
நிற்கும் இடத்தைக் கரும்பலகைதான் சொல்லும்.
நின்றிருக்கிறேன்.

பிறகு செருப்பைக் கழற்றச் சொன்னான்.
எண்பத்து நான்காம் பக்கம், சுவாச வேர்கள்:
படம் வரைந்து பாகங்களைக் குறி, ஐந்து மதிப்பெண்.
எத்தனை நூறு படங்களுக்குச் சிவப்பு மையில்
சரி போட்டிருப்பேன்.
கணுக்கால் சேற்றில் அவை
என் உள்ளங்காலைக் குத்தின.
வலிக்கும் என்று புத்தகத்தில் இல்லை.
"மிதிக்காதீங்க டீச்சர், அதோட மூக்கு அது."
மரத்திடம் மன்னிப்புக் கேட்டேன், வாய்க்குள்.

ஒற்றைக் கை பெருத்த நண்டுகள்
சேற்றில் நின்று யாரையோ கூப்பிட்டன.
"இடக்கைக்காரன் அதிகமா, வலக்கைக்காரனா?"
வம்புக்குத்தான் கேட்டார் பால்துரை சார்.
"தெரியல சார். எண்ணுவோமா?"

தெரியல.
சம்பளம் வாங்கும் ஒருவர்
நாற்பது பேர் முன்னால் அதைச் சொல்லி,
வானம் இடியாமல் அங்கேயே இருந்தது.

குனிந்தோம். குடை நிழல் பட்டதும்
நண்டெல்லாம் வளைக்குள்.
முப்பத்தெட்டுக் குடைகளும் ஒவ்வொன்றாய் மடங்கின.
முட்டி வலிக்காரர்கள், ஓய்வுக்கு ஆறு மாதம் இருப்பவர்கள்,
எல்லோரும் குத்தவைத்து, மூச்சைப் பிடித்து.
இடது முப்பத்தொன்று, வலது இருபத்தெட்டு.
நசீமா டீச்சருக்கு இருபத்தொன்பது.
மீண்டும் எண்ணினோம்.

மூன்றாம் நாள் நிஜப் பிள்ளைகள்.
ஜோடி ஜோடியாக எண்ணும்போது
எனக்கு ஒரு கை குறைந்தது.
காயலைப் பார்த்தேன்.
வயிற்றில் ஏதோ அறுந்தது.
கண்டல் புதருக்குப் பின்னால் எறும்பு பார்த்தபடி
அவள் உட்கார்ந்திருந்தாள்.
ஜெஃப்ரின் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தான்,
எனக்கு உதறட்டும் என்று.
அன்று உதறியதால்தான்
ஜூலையில் உதறவில்லை.

ஜூலையில், தலைமையாசிரியர் கேட்ட கடிதம் கொடுத்து,
கிணற்றுப் பக்கம் ஒரு கயிறு கட்டி,
அதே தோப்பைத் தாண்டிய வாய்க்காலுக்கு.
முப்பத்து நாலு பேர், பதினேழு ஜோடி.
கடற்காற்றுக்கு முதுகு கொடுத்தேன்.

ரெஜிஷ் கேட்டான்:
"டீச்சர், இந்தப் பூச்சி ஏன் முங்காம நடக்குது?"

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.
பரப்பு இழுவிசை, இரண்டு மதிப்பெண்.
நாக்கின் நுனிவரை வந்துவிட்டது.
கடித்துக்கொண்டு எண்ணினேன்.
நாலில் யாரோ சிரித்தார்கள்.
ஏழில் ஜெபிஷா ஓர் இலையைப் போட்டாள், மிதந்தது.
ஒன்பதில் ஒரு கல்.
"அது கனம், இது கனமில்ல."
"போல, அப்ப ஊசி?"
"ஊசி யாருட்ட இருக்கு?"

சேலை மடிப்பிலிருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினேன்.
யார் வாங்கினார்கள் என்று தெரியவில்லை,
வெயில் என் கண்ணில்.